முதல் லாரி வாங்கினவங்களுக்கு: டீசலும் புகையும் குறையணும், கையில காசும் நிக்கணும்

மாதவரம் பக்கம் லாரி வச்சு பொழைக்கிறவங்க கிட்ட போய் "பசுமை போக்குவரத்து"ன்னு சொல்லிப் பாருங்க, டீ கிளாஸை கீழ வச்சுட்டு ஏற இறங்க ஒரு பார்வை பாப்பாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரகடத்துல நாங்க லோடு அடிக்கிற ஒரு கம்பெனியில இருந்து ஒரு ஃபார்ம் வந்தது, போன வருஷம் எங்க சரக்குக்காக உங்க வண்டிங்க எவ்வளவு கார்பன் விட்டுச்சுன்னு கேட்டு. அதை ஃபில் பண்றதுக்காக ராத்திரி உக்காந்து டீசல் பில்லு எல்லாத்தையும் கூட்டினேன், அப்பதான் வயிறு எரிஞ்சது. கார்பனை நெனச்சு இல்ல, காசை நெனச்சு.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா சுமாரா 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய போகுது. (டீசலே லிட்டருக்கு ஒரு கிலோ வராதே, புகை மட்டும் எப்படிப்பா 2.7 கிலோன்னு என் பையன் கேட்டான். எரியும்போது காத்துல இருக்கற ஆக்சிஜன் வந்து ஒட்டிக்குது, அந்த வெயிட்டுதான்.) அதனால புகையை கம்மி பண்றது தனி வேலை, லாபம் பாக்கறது தனி வேலைன்னு ரெண்டு கிடையாது. வாடகை வராத கிலோமீட்டருக்கு டீசல் எரிக்காம இருக்கறதுதான் மொத்த வேலையும். புதுசா ஒண்ணு ரெண்டு வண்டி வாங்கி இறங்கினவங்களுக்கு, நான் எந்த வரிசையில செஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இப்ப தோணுதோ அந்த வரிசையில எழுதறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டு போடுங்க

எலக்ட்ரிக் வண்டி, ஜிபிஎஸ், சோலார் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல 40 ரூபாய்க்கு ஒரு லாங் சைஸ் நோட்டு. வண்டிக்கு ஒரு நோட்டு. தேதி, கிளம்பின மீட்டர், வந்து சேர்ந்த மீட்டர், போட்ட டீசல், ஏத்தின டன், எத்தனை மணி நேரம் நின்னுது, இந்த ஓட்டத்துக்கு வாடகை உண்டா இல்லையா, அவ்வளவுதான். டீசலை மட்டும் எப்பவும் டேங்க் ஃபுல் பண்ணி எழுதுங்க, அடுத்த தடவை திரும்ப ஃபுல் பண்றப்ப எவ்வளவு பிடிச்சுதோ அதுதான் நிஜக் கணக்கு. 2,000 ரூபாய்க்கு போடு, 3,000 ரூபாய்க்கு போடுன்னு போட்டுக்கிட்டு இருந்தா ஜென்மத்துக்கும் மைலேஜ் தெரியாது.

எங்க பழைய பத்து வீல் வண்டியோட நோட்டு இன்னும் வச்சிருக்கேன். டிரைவர் அண்ணனுக்கு எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும், ஆனா ஒரு நாள் விடமாட்டாரு. எம்டியா, அதாவது லோடு இல்லாம வந்த ஓட்டத்தை மட்டும் சிவப்பு பேனாவுல வட்டம் போடச் சொல்லியிருந்தேன். மாசக் கடைசியில பக்கத்தைப் புரட்டினா பொங்கலுக்கு வாசல்ல கோலம் போட்ட மாதிரி சிவப்பு சிவப்பா வட்டம். 7,400 கி.மீ ஓடியிருக்கு, அதுல 2,900 கி.மீ வெறும் வண்டி. வண்டி நிக்காம ஓடுது, தொழில் நல்லா போகுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தவன் நான்.

ஒரு மாசம் எதையும் மாத்தாம எழுதுங்க, அவசரப்பட வேணாம். லோடோட இருக்கற மைலேஜும் எம்டி மைலேஜும் தனித்தனியா தெரியணும், அது தெரியாம கீழ சொல்ற எந்தக் கணக்கும் போட முடியாது.

ரெண்டாவது: எம்டி ஓட்டம்

பணம் அதிகமா ஒழுகறது இங்கதான், அதனால கொஞ்சம் நின்னு பேசறேன்.

சென்னையில இருந்து கோயம்புத்தூர் 500 கி.மீ. 16 டன் ஏத்திட்டு போறப்ப லிட்டருக்கு 4 கி.மீ கிடைக்குதுன்னு வச்சுக்கோங்க, 125 லிட்டர். திரும்ப எம்டியா வர்றப்ப 5.5 கிடைச்சா 91 லிட்டர். டீசல் 92 ரூபாய்னு போட்டா 8,300 ரூபாய்க்கு மேல, டோலும் டிரைவர் பேட்டாவும் தனி. இதுக்கு யாரும் ஒரு பைசா தரப்போறதில்ல. 245 கிலோ கார்பனும் சும்மாவே போச்சு.

புதுசா வர்றவங்க ரெண்டு தப்பு பண்றாங்க. ஒண்ணு, இறக்கின உடனே எம்டியா கிளப்பிடறது, "சென்னைக்கு வந்துட்டா லோடு கிடைக்கும்"னு. இன்னொண்ணு, நேரா சென்னைக்கே ரிட்டர்ன் லோடு வேணும்னு அங்க மூணு நாள் வண்டியைப் போட்டு வைக்கறது. ரெண்டுமே வேணாம், முக்கோணமா யோசிங்க. கோயம்புத்தூர்ல இருந்து பெங்களூருக்கு லோடு கிடைக்குதா, சுமார் 360 கி.மீ, எடுத்துக்கோங்க. அங்க இருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியா சென்னை 350 கி.மீ, அந்தப் பக்கத்துல இருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு லோடு கிடைக்கறது நேரா கோயம்புத்தூர்–சென்னை லோடை விட எங்களுக்கு சுலபமா இருந்தது.

கணக்கு பாருங்க. போயிட்டு எம்டியா வந்தா 216 லிட்டர் எரிச்சு 16 டன்னை 500 கி.மீ நகர்த்தியிருக்கோம், அதாவது ஒரு டன்னை ஒரு கி.மீ நகர்த்த 27 மில்லி டீசல். முக்கோணத்துல மூணு பக்கமும் 16 டன்னோட வந்தா 1,210 கி.மீ, 303 லிட்டர், ஆனா டன்னுக்கு கி.மீக்கு 16 மில்லிதான். மொத்த டீசல் கூடத்தான் செலவாகுது, அதை மறைக்க வேணாம், ஆனா அந்த பெங்களூர் சரக்கு எப்படியும் வேற ஒருத்தன் வண்டியில டீசல் எரிச்சுத்தான் வந்திருக்கும். அதனாலதான் கார்பன் கணக்கு போடறவங்களும் மொத்த லிட்டரை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, டன்–கி.மீக்கு எவ்வளவுன்னு பாப்பாங்க.

ரிட்டர்ன் லோடுக்கு எவ்வளவு கம்மியா ஒத்துக்கலாம்னு எல்லாரும் கேக்கறாங்க. எம்டியா வர்றதை விட லோடோட வர்றப்ப கூடுதலா ஆகற டீசல், ஏத்தற இறக்கற கூலி, புக்கிங் ஆபீஸ் கமிஷன், ஏத்த இறக்க ஆகற நாளுக்கு வண்டியோட ஒரு நாள் தவணை, இதெல்லாம் கூட்டி வர்ற தொகைக்கு மேல என்ன வந்தாலும் லாபம்தான். அதுக்குக் கீழ யாராவது கேட்டா மரியாதையா சிரிச்சுட்டு எம்டியா வாங்க, தப்பே இல்ல.

லோடு பிடிக்க ஆப் இருக்கு, வாட்ஸப் குரூப் இருக்கு, எல்லாத்துலயும் சேருங்க. ஆனா போற ஊர்ல ரெண்டு புக்கிங் ஆபீஸ்காரங்க உங்களை பேர் சொல்லி கூப்பிடற அளவுக்கு பழக்கம் இருக்கணும், வண்டி இங்க கிளம்பறப்பவே அங்க போன் போயிடணும், இறக்கினப்புறம் இல்ல.

அப்புறம் பாடி நிறையுதான்னு பாருங்க. பிளாஸ்டிக் பக்கெட், தெர்மாகோல், சிப்ஸ் மாதிரி லோடுல இடம் ரொம்பிடும், எடை ஏறாது. இரும்பு, டைல்ஸ்ல எடை ஏறிடும், மேல பாதி பாடி காலியா கிடக்கும். ரெண்டு பார்ட்டியோட பேசி கீழ கனமானது, மேல லேசானதுன்னு பார்ட் லோடு சேக்க முடிஞ்சா ஒரே டீசல்ல ரெண்டு வாடகை. எண்ணெய், கெமிக்கல், சாப்பாட்டுப் பொருள் இதை மட்டும் ஒண்ணா போட்டுடாதீங்க, டேமேஜ் கிளெய்ம்ல வந்த லாபம் அத்தனையும் போயிடும்.

ஓவர்லோடு அடிச்சா டன்னுக்கு டீசல் கம்மிதானேன்னு ஒருத்தர் கேட்டாரு. பேப்பர்ல சரி. 2018ல ஆக்ஸில் லோடு, அதாவது ஒவ்வொரு அச்சுக்கும் இருக்கற எடை வரம்பையே ஏத்தி விட்டாங்க, மூணு ஆக்ஸில் வண்டிக்கு வண்டியும் சரக்கும் சேத்து மொத்த எடை 28.5 டன் வரைக்கும் இருக்கு, அதுக்கும் மேல ஏத்தினா 2019ல திருத்தின சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதுபோக கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. டயர், பிரேக், ஸ்பிரிங் பட்டை போறது தனிக்கதை.

மூணாவது: நின்னுக்கிட்டு எரிக்கற டீசல்

எண்ணூர், காட்டுப்பள்ளி, ஹார்பர் பக்கம் கன்டெய்னர் அடிக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. கியூவுல இஞ்சின் ஆஃப் பண்ணாம பத்தடி பத்தடியா நகர்றப்ப எங்க வண்டி மணிக்கு ரெண்டு லிட்டர் கிட்ட குடிக்குது. ஆறு மணி நேரம்னா 12 லிட்டர், 1,100 ரூபாய், மாசத்துக்கு இப்படி பத்து தடவை.

நம்ம கையில இருக்கறது மூணு விஷயம். பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே பாக்கறது முதல்ல, ஏன்னா சீல் நம்பர் ஒரு எழுத்து தப்பா இருந்ததுக்காக எங்க வண்டி ஒரு ராத்திரி முழுக்க ஓரம் கட்டி நின்னிருக்கு. ரெண்டாவது, கம்பெனி கேட்ல எப்ப ஏத்துவாங்கன்னு நேரம் கேட்டு வாங்கி அந்த நேரத்துக்கு போறது, விடியக்காலையிலயே போய் நின்னா முதல் ஆளா விடுவாங்கன்னு எல்லா வண்டியும் போய் நிக்கறதாலதான் கியூவே. மூணாவது ஹால்டிங் சார்ஜ், அதாவது வண்டியை நிக்க வச்ச நேரத்துக்கு பார்ட்டி கிட்ட வாங்கற காசு. ஆரம்பத்துல கேக்க கூச்சமா இருக்கும், பார்ட்டி போயிடுவாங்களோன்னு பயமா இருக்கும். நோட்டுல நின்ன மணிக் கணக்கு எழுதியிருந்தா காட்டுங்க. நாங்க மூணு மாசக் கணக்கை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினோம், ஹால்டிங் குடுக்கறதுக்கு பதிலா அவங்க லோடுமேன் ரெண்டு பேரை கூட போட்டாங்க, எங்களுக்கு அதுவே போதும்.

2025 அக்டோபர்ல இருந்து தயாராகற நடுத்தர, கனரக வண்டிங்கள்ல கேபின் ஏசி கட்டாயம். நல்ல விஷயம், மே மாசத்துல அந்த கேபின்ல உக்காந்து பாத்தவங்களுக்கு தெரியும். ஆனா ஏசிக்காக நின்ன இடத்துல இஞ்சின் ஓடும், அதனால வெயிட்டிங்கை குறைக்கறது இனிமே இன்னும் முக்கியம். டிரைவரை வேகவச்சு டீசல் மிச்சம் பிடிக்கறேன்னு மட்டும் கிளம்பிடாதீங்க.

நாலாவது: காத்து

காசு செலவே இல்லாத வேலை, ஆனா யாரும் செய்யறதில்ல. டயர்ல காத்து 10 சதவீதம் கம்மின்னா டீசல் சுமார் 1 சதவீதம் கூட பிடிக்கும், டயர் தேயறது அதுக்கும் மேல. பழைய பழக்கம் என்னன்னா கிளீனர் ராடை எடுத்து டயரை தட்டுவாரு, டொக்குன்னு சத்தம் வந்தா சரின்னு ஏறி உக்காந்துடுவாரு. ஒரு நாள் காலைல அஞ்சரை மணிக்கு, வண்டி ராத்திரி பூரா நின்னு டயர் ஜில்லுன்னு இருக்கறப்ப, நானே கேஜை வச்சு பத்து டயரும் பாத்தேன். வெளிப்பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கு. பின்னாடி ஜோடி டயர்ல உள்பக்கம் இருக்கறது ரெண்டு, 110 இருக்க வேண்டிய இடத்துல 70தான் காட்டுது, அவ்வளவு கம்மியா இருந்தும் தட்டினப்ப அதே டொக். உள் டயரோட வால்வு கைக்கு எட்டாததால காத்து பிடிக்கற பையன் அதை விட்டுட்டே இருந்திருக்கான். வால்வுக்கு எக்ஸ்டென்ஷன் போட்டா எட்டும், சின்ன செலவுதான், போடுங்க. ஓடி சூடான டயர்ல பிரஷர் கூடத்தான் காட்டும், அதைப் பாத்து காத்தை இறக்கிடாதீங்க.

இதோட ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட், படபடன்னு அடிக்காம தார்ப்பாயை இழுத்துக் கட்டறது. எல்லாம் தெரிஞ்சதுதான், தேதி போட்டு செய்யணும் அவ்வளவுதான். டயரோட உடம்பு (கேசிங்) நல்லா இருந்தா பின் டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் பண்ணுங்க, ரப்பரும் மிச்சம் காசும் மிச்சம், முன் டயருக்கு வேணாம்.

அஞ்சாவது: டிரைவருக்கு பங்கு

மைலேஜ் டிரைவர் கால்ல இருக்கு. பிசிஆர்ஏன்னு மத்திய அரசோட எரிபொருள் சிக்கன அமைப்பு, ரொம்ப வருஷமா ஒரே பாட்டைத்தான் பாடுது, 45ல இருந்து 55 கி.மீ வேகத்துல ஓட்டு, சிக்னல்ல இஞ்சினை நிறுத்துன்னு. நம்ம ஆளுங்க கேக்கணும்னா அதுல அவங்களுக்கும் ஏதாவது இருக்கணும். மிச்சமாகற டீசல் காசுல பாதி டிரைவருக்குன்னு சொன்னேன். முதல் மாசம் யாரும் நம்பல, ரெண்டாவது மாசம் ஒருத்தருக்கு கையில காசு குடுத்ததும் மத்தவங்க நோட்டைத் தேடி வந்தாங்க.

ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு, சொல்லியே ஆகணும். போனஸ் ஆசையில ஒரு தம்பி தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல வண்டியை விட்டிருக்கான், கூட வந்த கிளீனர் சொல்லித்தான் தெரியும். எனக்கு கை கால் நடுங்கிப் போச்சு. அந்த இறக்கத்துல எத்தனை லாரி பிரேக் சூடாகி பிடிக்காம போயிருக்குன்னு அந்தப் பக்கம் ஓட்டறவங்க எல்லாருக்கும் தெரியும். அதுவும் எதுக்கு? இப்ப வர்ற வண்டியில கியர்ல இருக்கறப்ப ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா இஞ்சினுக்கு டீசல் போறதே நின்னுடும், சக்கரமே இஞ்சினை சுத்தும். நியூட்ரல்ல விட்டாத்தான் இஞ்சின் அணையாம இருக்க டீசல் குடிக்கும். உயிரும் போகும், டீசலும் போகும். போனஸ் அறிவிக்கறதுக்கு முன்னாடி எல்லாரையும் உக்கார வச்சு இதை விளக்கிடுங்க. நான் பின்னாடிதான் விளக்கினேன்.

ஆறாவது: யூரியா தண்ணி

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வித்த புது வண்டி எல்லாம் பிஎஸ்6, அதாவது புகைக்கான புது கட்டுப்பாட்டுப்படி வந்தது. பெரிய வண்டிங்கள்ல புகையை சுத்தம் பண்ண டிஇஎஃப்னு ஒண்ணு ஊத்தணும், நம்ம ஆளுங்க ஆட்ப்ளூம்பாங்க, 32.5 சதவீதம் யூரியாவும் மீதி சுத்தமான தண்ணியும். ரோட்டோரத்துல ஒரு கடையில கேன் பாதி விலைன்னு வாங்கினோம், மூணே வாரத்துல டேஷ்போர்டுல லைட் எரிஞ்சு வண்டி பவர் இழுக்கல, சர்வீஸ்ல போட்ட பில்லுல பத்து வருஷத்துக்கு ஒரிஜினல் வாங்கியிருக்கலாம். சென்சாரை கழட்டி ஏமாத்தித் தர்றேன்னு ஒருத்தர் வருவாரு, அவரை உள்ள விடாதீங்க.

ஏழாவது: வழியும் நேரமும்

ரெட்ஹில்ஸ் பக்கத்துல இருந்து வண்டலூர் போக சிட்டிக்குள்ள புகுந்து மாட்டிக்கறதை விட மீஞ்சூர்–வண்டலூர் அவுட்டர் ரிங் ரோடு, 62 கி.மீ, டோல் குடுத்தாலும் லாபமாத்தான் வருது. பீக் அவர்ல பெரிய வண்டியை சிட்டிக்குள்ள விடமாட்டாங்க, அந்த நேரத்துல டிரைவரை தூங்க விடுங்க. ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டை எடுத்து ரெண்டு டோலுக்கு நடுவுல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாருங்க, எந்த நேரம் கிளம்பினா ரோடு காலியா இருக்குன்னு உங்க வண்டியே சொல்லும்.

எட்டாவது: இப்ப எலக்ட்ரிக், ரயில் பத்தி பேசலாம்

இதையெல்லாம் செஞ்சப்புறம்தான் இது. தினமும் ஒரே ஏரியா, சாயங்காலம் செட்டுக்கு திரும்பி வர்ற ஓட்டம், கோயம்பேடு, பாரிஸ் கார்னர், சவுகார்பேட்டை பார்சல் மாதிரி இருந்தா சின்ன எலக்ட்ரிக் வண்டி நல்லா கட்டுப்படியாகும். 2022ல அறிமுகமான டாடா ஏஸ் இவியில 21.3 யூனிட் பேட்டரி, 154 கி.மீ போகும்னு சர்டிஃபிகேட்ல இருக்கு. நீங்க 100 கி.மீன்னு வச்சு பிளான் பண்ணுங்க, நம்ம டிராஃபிக்கும் லோடும் வெயிலும் அப்படி. யூனிட் 10 ரூபாய்னு போட்டாலும் கி.மீக்கு ரெண்டு ரூபாய் சொச்சம்தான், அதே சைஸ் டீசல் வண்டிக்கு அஞ்சு ரூபாய் வந்துடும். 2018ல இருந்து எலக்ட்ரிக் வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்ல. தவணை கூட வரும், அதனால மாசம் 2,000 கி.மீயாவது ஓடற வேலை கையில இருந்தாத்தான் வாங்குங்க. இன்னொண்ணு, சார்ஜிங் பாயின்ட்டை இடுப்பு உயரத்துக்கு மேல வைங்க. மிக்ஜாம் புயல்ல எங்க செட்டுல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு செவுத்துல இன்னும் கோடு இருக்கு.

டெல்லி மாதிரி 2,200 கி.மீ லோடுக்கு ஒத்தை லாரிக்காரங்க போட்டி போட்டு அலையறதை விட, தண்டையார்பேட்டை கன்டெய்னர் டிப்போவுக்கு கொண்டு போய் விடற வேலையை பிடிக்கலாம். ஒரு டன்னுக்கு ரயில்ல ஆகற கார்பன் நம்மளை விட ரொம்ப கம்மி, அதுல சண்டை போட முடியாது. கார் கம்பெனிங்க வாலாஜாபாத் ஸ்டேஷன்ல இருந்து ரயில்லதான் வண்டி ஏத்தி அனுப்பறாங்க. அப்பவும் ஃபேக்டரியில இருந்து ஸ்டேஷன் வரைக்கும் யாராவது கொண்டு போகணும்ல. தூரம் கம்மி, ஆனா டிரைவர் தினமும் வீட்டுக்கு வருவாரு, மாசத்துக்கு டிரிப் கூட.

ஒன்பதாவது: அந்த ஃபார்ம்

2022–23ல இருந்து பங்குச் சந்தையை கண்காணிக்கற செபி, முதல் 1,000 லிஸ்டட் கம்பெனிங்களுக்கு சுற்றுச்சூழல் கணக்கு காட்டறதை கட்டாயமாக்கிடுச்சு, அந்தக் கேள்விதான் படிப்படியா இறங்கி நம்ம செட்டு வரைக்கும் வருது. போக்குவரத்துக்கு கார்பன் கணக்கு போட 2023ல ஐஎஸ்ஓ 14083ன்னு ஒரு ஸ்டாண்டர்டே வந்துடுச்சு. பேரைக் கேட்டு பயப்படாதீங்க. அந்தப் பார்ட்டிக்காக எரிச்ச லிட்டர், எம்டியா வந்ததையும் சேத்து, இன்டு 2.7, அதை டன்–கி.மீயால வகுத்தா முடிஞ்சது. கோயம்புத்தூர் எம்டி ரிட்டர்ன்ல 73 கிராம், முக்கோணத்துல 42 கிராம். இது வண்டியில எரிஞ்சதுக்கு மட்டும். அந்த ஸ்டாண்டர்டு படி, டீசல் எடுத்து சுத்திகரிச்சு பெட்ரோல் பங்க்குக்கு வர்ற வரைக்கும் ஆகற கார்பனையும் சேக்கணும், அதுக்கு பார்ட்டி குடுக்கற நம்பரை 2.7க்கு பதிலா போட்டுக்கோங்க. எம்டியை மறைச்சு கம்மியா எழுதறவங்க இருக்காங்க, டீசல் பில்லு கேட்டா மாட்டிப்பாங்க.

எங்க கொட்டேஷன்ல இப்ப வாடகைக்கு கீழ டன்–கி.மீக்கு எத்தனை கிராம்னு ஒரு லைன் போடறோம். முதல் தடவை போட்டப்ப அந்த ஒரகடம் கம்பெனி பர்ச்சேஸ் மேடம் போன் பண்ணாங்க. ரேட்டை கம்மி பண்ணச் சொல்லத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சு எடுத்தேன். "சார், அந்த 42 எப்படி வந்துச்சு, வொர்க்கிங் அனுப்புங்க"ன்னாங்க. நோட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன், கோழி கிண்டின எழுத்தோட.